நடு ராத்திரியில் யாரை எழுப்புவீர்கள்?

உறவு, திருமணம், நட்பு, மனநிறைவு குறித்து வந்த கடிதங்களுக்கு இந்த வாரப் பக்கங்களை முழுவதுமாகக் கொடுத்திருக்கிறோம். எழுதியவர்கள் பலரும் கேட்டுக்கொண்டபடி பெயர்களைத் தவிர்த்து, தொழிலையும் ஊரையும் மட்டும் வெளியிடுகிறோம்.

அரசு ஊழியர், வேலூர்
மகிழ்ச்சியை அளக்கிறார்களாமே! அது என்ன, காய்ச்சலா?

காய்ச்சலைவிடச் சுலபம். தெர்மாமீட்டர்கூட வேண்டாம், ஆளையே கேட்டுவிடுகிறார்கள். அமெரிக்க உளவியலாளர் எட் டீனரும் சகாக்களும் 1985-இல் ஐந்து வாக்கியங்கள் கொண்ட ஓர் அளவுகோலைத் தந்தார்கள். வாழ்க்கை நினைத்தபடி இருக்கிறதா, மறுபடி வாழக் கிடைத்தால் எதையாவது மாற்றுவீர்களா என்கிற ரீதியில் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண். மொத்தம் 5 முதல் 35 வரை வரும்.

இன்னொன்று, ஹேட்லி கேன்ட்ரில் உருவாக்கிய ஏணி. உங்களுக்கு வாய்க்கக்கூடிய மிகச் சிறந்த வாழ்க்கை பத்தாவது படி, மிக மோசமானது பூஜ்யம். இப்போது எந்தப் படியில் நிற்கிறீர்கள்?

'இன்று சிரித்தீர்களா?' என்பது வேறு, 'வாழ்க்கை நிறைவாக இருக்கிறதா?' என்பது வேறு. கைக்குழந்தையோடு தூக்கம் கெட்டுக் கிடக்கும் தாய்க்கு முதலாவதில் மதிப்பெண் குறையலாம், இரண்டாவதில் கூடலாம். அதனால் ஆய்வாளர்கள் இரண்டையும் தனித்தனியே கேட்கிறார்கள்.

ஜவுளி வியாபாரி, ஈரோடு
பின்லாந்துக்காரர்கள்தான் உலகிலேயே மகிழ்ச்சியானவர்கள் என்கிறார்களே, எப்போதும் சிரித்துக்கொண்டே இருப்பார்களோ?

சிரிப்பை எண்ணி இடம் கொடுப்பதில்லை. மேலே சொன்ன ஏணிக் கேள்வியைப் பல நாடுகளில் கேட்டு, மூன்று ஆண்டுப் பதில்களின் சராசரியை எடுத்து, நாடுகளை வரிசைப்படுத்தி அறிக்கையாக வெளியிடுகிறார்கள். பின்லாந்து 2018-இல் முதலிடத்துக்கு வந்து 2025 வரை அசையவில்லை. 2025 அறிக்கையில் இந்தியாவுக்கு 118-ஆவது இடம்.

நாட்டுக்கு நாடு ஏன் இந்த வித்தியாசம் என்று விளக்க வருமானம், ஆரோக்கியமான ஆயுள், ஊழல் ஆகியவற்றோடு இன்னொரு கேள்வியையும் பார்க்கிறார்கள்: இக்கட்டு வந்தால் நம்பிக் கூப்பிட உறவினரோ நண்பரோ உங்களுக்கு உண்டா? நாட்டின் வருமானத்தை உயர்த்த நாளாகும். இன்னொருவர் இந்தக் கேள்விக்கு 'உண்டு' என்று சொல்ல நீங்கள் காரணமாக இருப்பது இன்று மாலையே முடியும்.

கல்லூரி மாணவி, கோயம்புத்தூர்
ஹார்வர்டில் எண்பது ஆண்டுகளுக்கு மேலாக ஓர் ஆராய்ச்சி நடக்கிறதாம். இவ்வளவு காலம் ஆராய்ந்து என்ன கண்டுபிடித்தார்கள்?

உங்கள் பாட்டிக்குத் தெரிந்ததைத்தான். ஆனால் பாட்டியிடம் இல்லாத ஆதாரங்களோடு கண்டுபிடித்தார்கள்.

1938-இல் ஹார்வர்ட் கல்லூரி மாணவர்கள் 268 பேரோடு அது தொடங்கியது. பிற்பாடு அமெரிக்க அதிபரான கென்னடியும் அவர்களில் ஒருவர். அதே காலகட்டத்தில் பாஸ்டன் நகரத்தின் ஏழைக் குடியிருப்புகளில் வளர்ந்த 456 சிறுவர்களைப் பற்றி இன்னோர் ஆய்வு தனியாக நடந்தது. பின்னால் இரண்டும் இணைந்தன. ஆக மொத்தம் 724 பேர். அவர்களுக்கு வயது ஏற ஏற, கேள்வித்தாள், வீட்டுக்கே போய்ப் பேட்டி, மருத்துவக் குறிப்பு, ரத்தப் பரிசோதனை, மூளை ஸ்கேன் என்று தொடர்ந்தார்கள். பிறகு மனைவிமார்களையும் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டார்கள். இப்போதைய இயக்குநர் மனநல மருத்துவர் ராபர்ட் வால்டிங்கர், இந்த வரிசையில் நான்காமவர்.

ஐம்பது வயதில் யாருக்குக் கொலஸ்ட்ரால் எவ்வளவு என்பதைவிட, யார் தம் உறவுகளில் நிறைவாக இருந்தார்கள் என்பதுதான் எண்பது வயதில் அவர்களுடைய ஆரோக்கியத்தை நன்றாக முன்கூட்டிச் சொன்னது.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். ஆய்வின் தொடக்கத்தில் இருந்தவர்கள் எல்லோரும் வெள்ளையின அமெரிக்க ஆண்கள். 'நம் வீட்டுப் பெண்களுக்கு இது பொருந்துமா?' என்று நீங்கள் கேட்டால் அது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் வேறிடத்தில் கிடைக்கிறது. ஜூலியான் ஹோல்ட்-லன்ஸ்டாடும் சகாக்களும் 2010-இல் 148 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். ஆணும் பெண்ணுமாக 3 லட்சம் பேருக்கு மேல். வலுவான உறவுகள் உள்ளவர்கள் ஆய்வுக்காலத்தில் உயிரோடு இருக்கும் வாய்ப்பு 50 சதவீதம் கூடுதல். 'உடம்பு நன்றாக இருப்பவர்கள்தானே நாலு பேரோடு பழகுவார்கள்?' என்ற சந்தேகம் வரும். தொடக்கத்தில் உடல்நிலை எப்படி இருந்தாலும் இந்த வித்தியாசம் தென்பட்டது.

நகைக்கடை ஊழியர், மதுரை
பணம் இருந்தால் மகிழ்ச்சி வருமா, வராதா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

வரும். இனி இரண்டு வார்த்தை கூடுதலாக.

நோபல் பரிசு பெற்ற டேனியல் கானமனும் ஆங்கஸ் டீட்டனும் 2010-இல் ஓர் அளவுக்கு மேல் வருமானம் கூடினாலும் அன்றாட மகிழ்ச்சி கூடுவதில்லை என்றார்கள். 2021-இல் மேத்யூ கிலிங்ஸ்வொர்த், 'இல்லை, கூடிக்கொண்டேதான் போகிறது' என்றார். அப்புறம் நடந்ததுதான் அழகு. கானமனும் கிலிங்ஸ்வொர்த்தும் ஒரே மேசையில் உட்கார்ந்து, பார்பரா மெல்லர்ஸை நடுவராக வைத்துக்கொண்டு, 2023-இல் சேர்ந்தே முடிவை எழுதினார்கள். பெரும்பாலோருக்கு வருமானத்தோடு மகிழ்ச்சியும் ஏறுகிறது. மனவேதனை மிகுந்த கடைசி 20 சதவீதத்தினருக்கு மட்டும் ஒரு கட்டத்துக்கு மேல் பணம் உதவவில்லை. வறுமையின் துன்பத்தைப் பணம் தீர்க்கும். பிரிவையும் இழப்பையும் மனச்சோர்வையும் அது தீர்க்காது.

தரகர், நாமக்கல்
கல்யாணம் செய்துகொண்டால் மகிழ்ச்சி கூடும்தானே? எங்கள் தொழிலே அதை நம்பித்தான்!

கூடும், கல்யாணத்தை ஒட்டி. ஜெர்மனியில் பல்லாயிரம் பேரை 15 ஆண்டுகள் பின்தொடர்ந்த தரவுகளை ரிச்சர்ட் லூகாஸும் சகாக்களும் 2003-இல் ஆராய்ந்தார்கள். சராசரியாகப் பார்த்தால், திருமணத்தையொட்டி ஏறிய மனநிறைவு ஒன்றிரண்டு ஆண்டுகளில் பழைய இடத்துக்கே திரும்பிவிட்டது. சராசரி என்பதைக் கவனியுங்கள்: சிலர் ஏறிய இடத்திலேயே நின்றார்கள், சிலர் இறங்கினார்கள். ஜாதகம் பார்க்கும்போதே, கோபம் வந்தால் பையன் என்ன செய்வான், பெண் என்ன செய்வாள் என்றும் விசாரித்துவிடுங்கள். தொழிலும் செழிக்கும், குடும்பங்களும் செழிக்கும்.

ஐ.டி. ஊழியர், சோழிங்கநல்லூர்
காதல் கல்யாணம் மேலா, பெரியவர்கள் பார்த்துச் செய்வது மேலா? வீட்டில் பட்டிமன்றமே நடக்கிறது.

இரண்டு கட்சிக்கும் ஆளுக்கு ஓர் ஆதாரம் தருகிறேன். 1982-இல் ஜெய்ப்பூரில் 50 தம்பதிகளிடம் உஷா குப்தாவும் புஷ்பா சிங்கும் நடத்திய ஆய்வில், காதலித்து மணந்தவர்களின் அன்பு ஆண்டுகள் போகப் போகக் குறைந்தது. பெரியவர்கள் பார்த்து வைத்த திருமணங்களில் அது வளர்ந்தது. பெரியவர்கள் கைதட்டுவார்கள். 2012-இல் அமெரிக்கவாழ் இந்தியர்களிடம் பமீலா ரீகனும் சகாக்களும் நடத்திய ஆய்வில் இரண்டு வகைக்கும் நடுவே வித்தியாசமே தென்படவில்லை. இப்போது நீங்கள் கைதட்டலாம். இரண்டுமே சிறிய ஆய்வுகள். இதை வைத்து யாரும் தீர்ப்பு எழுத முடியாது.

என் கட்சி இது: யார் பார்த்தார்கள் என்பது பெரிதில்லை. 'வேண்டாம்' என்று சொல்லும் உரிமை வாழப்போகிறவர்களுக்கு இருந்ததா? அது இருந்தால் இரண்டும் நல்ல கல்யாணம்.

கடை உரிமையாளர், தஞ்சாவூர்
கல்யாணமாகிப் பத்து வருஷம். செலவு, மாமனார் வீட்டுக்குப் போவது, பையன் படிப்பு என்று அதே மூன்று சண்டை. பொருத்தமில்லாத ஜோடியோ நாங்கள்?

மூன்றுதானே! சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜான் காட்மன் தம்பதிகளை எதிரெதிரே உட்காரவைத்து, இதயத் துடிப்பைப் பதிவு செய்தபடி வாக்குவாதம் பண்ணச் சொல்லிப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். தம்பதிகளின் சண்டைகளில் 69 சதவீதம் கடைசிவரை தீராதவை என்று அவர் கணக்கிட்டார். சுபாவ வித்தியாசத்தில் முளைப்பவை அவை. நன்றாக வாழ்கிறவர்களுக்கும் அவை உண்டு.

வித்தியாசம் எங்கே என்றால், நிலைத்த தம்பதிகள் சண்டைக்கு நடுவிலும் ஒரு கடுஞ்சொல்லுக்கு ஐந்து நல்ல அசைவுகளைக் காட்டினார்கள்: ஒரு தலையாட்டல், ஒரு சிரிப்பு, 'நீ சொல்றதும் சரிதான்' என்ற ஒரு வார்த்தை. முறியும் உறவுகளில் அவர் கண்ட மிக மோசமான அறிகுறி கோபம்கூட இல்லை, இளக்காரம். முகத்தைச் சுளிப்பது, பழித்துக் காட்டுவது, 'உங்க வீட்டுப் புத்தி எங்கே போகும்' என்பது. அந்த ஒரு வாக்கியத்தை வீட்டில் இன்றோடு நிறுத்துங்கள். செலவைப் பற்றிய சண்டை பாட்டுக்கு நடக்கட்டும்.

ஆட்டோ ஓட்டுநர், திருச்சி
கவுன்சலிங் போகக் காசும் இல்லை, நேரமும் இல்லை. வீட்டிலேயே செய்கிற மாதிரி ஏதாவது?

இருக்கிறது. வருஷத்துக்கு 21 நிமிஷம் ஒதுக்க முடியுமா? ஈலை ஃபிங்கல் குழுவினர் சிகாகோ பகுதியில் 120 தம்பதிகளை இரண்டு ஆண்டுகள் கவனித்தார்கள். இரண்டாம் ஆண்டில் பாதிப்பேருக்கு ஓர் எழுத்து வேலை கொடுத்தார்கள். சமீபத்திய சண்டை ஒன்றை, இரண்டு பேருக்கும் நல்லதையே விரும்பும் மூன்றாம் மனிதர் ஒருவர் எப்படிப் பார்ப்பார் என்று எழுத வேண்டும். தடவைக்கு ஏழு நிமிஷம், வருஷத்தில் மூன்று தடவை. எழுதாதவர்களின் திருமண நிறைவு வழக்கம்போலச் சரிந்தது. எழுதியவர்களுடைய சரிவு நின்றது.

உங்கள் வண்டியில் ஏறும் பெரியவர் ஒருவர் உங்கள் வீட்டுச் சண்டையை முழுக்கக் கேட்டால் என்ன சொல்லியிருப்பார்? அதை எழுதுங்கள். எழுத்துப்பிழை பார்க்க யாரும் வரமாட்டார்கள்.

வாசகி, ஊர் வேண்டாம்
சண்டை சகஜம் என்கிறீர்கள். என் கணவர் கை நீட்டுகிறார். இதையும் பொறுத்துக்கொள்ள வேண்டுமா?

கூடாது, சகோதரி. மேலே சொன்ன எதுவும் இதற்குப் பொருந்தாது. அடிப்பது குற்றம். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அடிப்பதோடு நிற்பதில்லை; மிரட்டல், அவமதிப்பு, பணத்தைத் தராமல் ஒடுக்குவது எல்லாவற்றையும் வன்முறை என்றே சொல்கிறது. குடியிருக்கும் வீட்டில் தொடர்ந்து இருக்கவும் உங்களுக்கு உரிமை தருகிறது. தமிழ்நாட்டில் எங்கிருந்தும், எந்த நேரமும் 181-ஐ அழைக்கலாம். ஆபத்து என்றால் 112. பாசமில்லாத, ஓயாத சண்டை நிறைந்த மணவாழ்க்கை உடல்நலத்தைக் கெடுக்கிறது, அது விவாகரத்தைவிடவும் மோசமாக இருக்கலாம் என்று வால்டிங்கரே சொல்லியிருக்கிறார். உயிரும் உடம்பும் முதலில். ஊர் என்ன சொல்லும் என்பது கடைசியில்கூட வேண்டாம்.

இல்லத்தரசி, விருதுநகர்
நான் பேசினால் என் கணவர் போனிலிருந்து கண்ணை எடுப்பதே இல்லை. 'கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்' என்கிறார்.

காது கேட்கிறது, முகம் கேட்கவில்லை. அதே காட்மன் புதுமணத் தம்பதிகளை ஆறு ஆண்டுகள் கழித்துத் தேடிப் பார்த்தார். 'இங்கே பாருங்க, மழை வருது' என்பது போன்ற சின்ன அழைப்புகளுக்குத் துணைவர் முகம் திருப்பி மறுமொழி கொடுத்தாரா என்பதுதான் கணக்கு. சேர்ந்திருந்தவர்கள் நூற்றுக்கு 86 தடவை கொடுத்திருந்தார்கள். பிரிந்துபோனவர்கள் 33 தடவைதான்.

இந்தப் பக்கத்தை அவர் கையில் கொடுங்கள். ஐயா, மழையை உங்கள் போனிலும் பார்க்கலாம். அதை உங்களுக்குக் காட்ட ஆசைப்படுகிறவரை ஜன்னல் பக்கம்தான் பார்க்க முடியும்.

ஆசிரியை, மன்னார்குடி
எனக்குப் பதவி உயர்வு. வீட்டுக்கு ஓடிவந்து சொன்னேன். 'சரி, இனி வேலை ஜாஸ்தியாகுமே' என்றார் கணவர். மனசே விட்டுப்போயிற்று.

முதலில் வாழ்த்துகள், தலைமையாசிரியை அம்மா! கஷ்டத்தில் துணை நிற்பதைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். ஷெல்லி கேபிள் என்ற உளவியலாளர் நல்ல சேதிக்குத் துணைவர் எப்படி எதிர்வினை தருகிறார் என்று ஆராய்ந்தார். ஆர்வமாக மேலே மேலே கேட்கிறவர்களின் உறவு நிறைவாக இருந்தது. உங்கள் கணவர் அக்கறையில்தான் சொல்லியிருப்பார், ஆனால் வரிசை மாறிவிட்டது. சந்தோஷம் முதலில், சந்தேகம் அடுத்த நாள். 'யார் சொன்னாங்க? எப்படிச் சொன்னாங்க? கேட்டதும் என்ன பண்ணினே?' இந்த மூன்று கேள்வி போதும், வீடு விசேஷ வீடாகிவிடும்.

வங்கி ஊழியர், நாகர்கோவில்
மாமியார் – மருமகள் சண்டையில் நான் யார் பக்கம் நிற்பது?

சேதி கொண்டுபோகும் பக்கம். அம்மா மனைவியைப் பாராட்டியதை மனைவியிடமும், மனைவி அம்மாவைப் பாராட்டியதை அம்மாவிடமும் சேர்ப்பியுங்கள். புகார்களை உங்களோடு நிறுத்துங்கள். யார் மேலாவது அநியாயம் நடந்தால் மட்டும், நடுநிலை பேசாமல் அவர் பக்கம் நில்லுங்கள்.

தனியார் நிறுவன ஊழியர், சேலம்
42 வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நன்றாகத்தான் இருக்கிறேன். 'கடைசிக் காலத்தில் யார் இருப்பா?' என்று எந்த விசேஷத்துக்குப் போனாலும் கேட்கிறார்கள்.

கேள்வி நல்ல கேள்விதான், உங்களிடம் மட்டும் கேட்பதுதான் தவறு. அதை எல்லோரிடமும் கேட்க வேண்டும். ஹார்வர்ட் ஆய்வில் கேட்டார்கள்: நடு ராத்திரியில் உடம்புக்கு முடியாமலோ பயந்துபோயோ இருந்தால் யாரைக் கூப்பிடுவீர்கள்? சிலர் பெயர்களாக அடுக்கினார்கள். சிலரால் ஒரு பெயர்கூடச் சொல்ல முடியவில்லை. அவர்களில் மணமானவர்களும் இருந்தார்கள்.

தாலி ஏறியதா என்பது அந்தக் கேள்விக்குப் பதில் ஆகாது. உங்களிடம் இரண்டு பெயர் இருந்தால் நிம்மதியாக விருந்து சாப்பிட்டு வாருங்கள். உங்கள் பெயரும் இரண்டு பேருடைய பட்டியலில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மருந்து விற்பனைப் பிரதிநிதி, கடலூர்
நாற்பதுக்கு மேல் நண்பர்கள் கிடைப்பார்களா? தெரிந்தவர்கள் ஆயிரம் பேர், நண்பன் ஒருவனும் இல்லை.

கிடைப்பார்கள், நேரம் கொடுத்தால். ஜெஃப்ரி ஹால் என்ற ஆய்வாளரின் கணக்குப்படி, அறிமுகம் சாதாரண நட்பாக ஏறக்குறைய 50 மணி நேரம் சேர்ந்து கழிய வேண்டும். நெருங்கிய நட்பாக 200 மணி நேரத்துக்கு மேல். வேலை நிமித்தமாகப் பக்கத்தில் உட்கார்ந்த நேரம் அதிகம் உதவாது. கல்லூரியில் ஒரே விடுதியில் இருந்தபோது அந்த 200 மணி நேரம் கேட்காமலே கிடைத்தது. இப்போது நாம்தான் ஒதுக்க வேண்டும். வாரம் இரண்டு மணி நேரம், ஒரே ஆளோடு, நடைப்பயிற்சியோ சில்வர் பீச்சோ டீக்கடையோ. இரண்டு வருஷத்தில் ஒரு நண்பன் தயார். ஆயிரம் பேரில் ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். ஆயிரம் பேரோடும் முயன்றால் ஆயுள் போதாது.

பொறியாளர், ஓசூர்
46 வயது. வேலை, வீடு, பிள்ளைகள் எல்லாம் இருக்கிறது. எதிலும் பிடிப்பில்லை. எனக்கு மட்டும்தானா?

இல்லை. டேவிட் பிளாஞ்ச்ஃபிளவரும் ஆண்ட்ரூ ஆஸ்வால்டும் 2008-இல் பல நாட்டுத் தரவுகளை வைத்து, மனநிறைவு இளமையில் உயர்ந்தும் நாற்பதுகளின் நடுவில் தாழ்ந்தும் பிறகு மறுபடி ஏறியும் போகிறது என்று காட்டினார்கள். சமீப ஆண்டுகளில் பல நாடுகளில் இளைஞர்களின் மனநிலை மோசமாகியிருப்பதால் அந்த வளைவே மாறிவருகிறது என்று பிளாஞ்ச்ஃபிளவரே எழுதியிருக்கிறார். வயது ஏறும்போது மனம் தெளிவதற்கு ஸ்டான்ஃபோர்டின் லாரா கார்ஸ்டென்சன் ஒரு காரணம் சொல்கிறார்: மிச்சமிருக்கும் காலம் குறைகிறது என்று உணர்கிறவர்கள், வேண்டியவர்களை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். அதற்கு அறுபது வரை காத்திருக்க வேண்டியதில்லை.

ஆனால் தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் கெட்டிருந்தால் அது வயதின் வேலை என்று விட்டுவிடாதீர்கள். 14416-ஐ அழையுங்கள். அரசின் இலவச மனநலச் சேவை, தமிழிலேயே பேசலாம்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், ஸ்ரீரங்கம்
மனைவி போய்விட்டாள். மகன் மெல்போர்னில். வீடியோ காலில் பேரன் முகம் தெரிகிறது. அழைப்பை வைத்ததும் வீடு அப்படியே இருக்கிறது.

ஐயா, உங்கள் வருத்தம் நியாயமானது. உலகில் ஆறில் ஒருவர் தனிமையில் வாடுவதாக உலக சுகாதார நிறுவனம் 2025-இல் சொன்னது. பிரிட்டன் 2018-இலும் ஜப்பான் 2021-இலும் இதற்கென்றே அமைச்சரை நியமித்தன. இது அரசுகள் கவலைப்பட வேண்டிய அளவுக்குப் பெரிய விஷயம். உங்கள் பலவீனம் ஒன்றும் இல்லை.

பேரனுடைய இடத்தை யாரும் நிரப்ப முடியாது. ஆனால் காலையிலிருந்து இரவு வரை பேச்சே இல்லாமல் இருக்க வேண்டியதில்லை. கில்லியன் சாண்ட்ஸ்ட்ராமும் எலிசபெத் டன்னும் 2014-இல் ஒரு காபிக் கடையில் சோதித்தார்கள். கடைக்காரரோடு இரண்டு வார்த்தை சிரித்துப் பேசியவர்கள், வாங்கிக்கொண்டு விடுவிடுவென்று போனவர்களைவிட நல்ல மனநிலையோடு போனார்கள். பூக்காரம்மா, பால்காரர், சித்திரை வீதியில் தினமும் எதிரே வருகிறவர், எல்லோரும் கணக்கில் சேர்த்தி. நீங்கள் ஆசிரியர் வேறு. பத்தாம் வகுப்புக் கணக்குக்குத் தவிக்கும் பிள்ளை உங்கள் தெருவிலேயே இருக்கும். மாலை ஆறு மணிக்குத் திண்ணையில் உட்காரச் சொல்லுங்கள். உதவி எது தேவைப்பட்டாலும் முதியோருக்கான 14567 எண் இருக்கிறது.

மெல்போர்ன் தம்பிக்கு ஒரு வேண்டுகோள்: கிழமையும் நேரமும் குறித்து அழையுங்கள். அழைப்பு வரும் நேரம் தெரிந்தால் அப்பாவுக்கு அந்த நாள் முழுவதுமே எதிர்பார்ப்பில் போகும்.

விவசாயி, ஒரத்தநாடு
பாகப் பிரிவினையில் அண்ணனோடு பேச்சு நின்று பல வருஷம் ஆயிற்று. வழக்கு நடக்கிறது. இப்போது அண்ணன் மகள் கல்யாணப் பத்திரிகை வந்திருக்கிறது. போவதா, வேண்டாமா?

போங்கள். முகூர்த்தத்துக்குப் போகாதீர்கள், முந்தின நாளே குடும்பத்தோடு போய் இறங்குங்கள். வழக்கு நடக்கும்போதே பத்திரிகை அனுப்பியிருக்கிறார் என்றால் பாதி தூரம் அண்ணன் நடந்துவிட்டார். மீதிப் பாதி உங்களுடையது.

மன்னிப்பு கேட்க வேண்டாம், பழைய கணக்கு பேச வேண்டாம், வரப்பை விட்டுக்கொடுக்கவும் வேண்டாம். அதை வக்கீல்கள் பார்த்துக்கொள்ளட்டும். பந்தியில் இலை போடுங்கள், வந்தவர்களை வாங்க என்று கூப்பிடுங்கள். ஹார்வர்ட் ஆய்வில் எண்பதைத் தொட்டு வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்த ஆண்கள் பலர், வேண்டியவர்களோடு இருக்கக் கிடைத்த நேரத்தைக் குறைத்துக்கொண்டோமே என்றுதான் வருந்தினார்கள். உங்களுக்கு அந்த நேரம் தேதி போட்டு, மஞ்சள் தடவி, வீடு தேடி வந்திருக்கிறது. நிலத்துக்குத் தீர்ப்பு எத்தனை வருஷம் கழித்து வந்தாலும் செல்லும். கல்யாணம் முடிந்த பிறகு வருகிற சித்தப்பா செல்லமாட்டார்.